குற்றங் காண்பதும் குழுவாய்க் காண்பதும்: மென்பொருட் கூட்டாய்வு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

எழுதியவர் ஒருவர் தம் எழுத்திற் பொதிந்துள்ள பிழையைத் தாமே காண்பது அரிது. அவரது கண் தாளில் உள்ளதைப் படிப்பதில்லை. மனத்தில் உள்ளதையே தாளின்மேல் வைத்துப் படிக்கின்றது. இதனை உணர்ந்தமையினாலேயே, ஆக்கியோன் ஒருவன், ஆராய்வோர் பலர் என்னும் ஏற்பாட்டினைப் பழைய பண்பாடுகள் பலவும் ஏதோவொரு வகையிற் கைக்கொண்டன. நமது அரங்கேற்ற மரபும் அவ்வழிப்பட்டதே. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதெனப் பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் கூறும். ஆயின், பலர் கூடிவிட்டால் மட்டும் குற்றம் வெளிப்பட்டுவிடுமா என்ற வினாவை நமது மரபு போதியளவு எழுப்பவில்லை. கணினிக்கு நிரல் எழுதுவோர் அதனை எழுப்பினர். எழுப்பியதோடமையாது, அளந்தும் பார்த்தனர்.

கலைப்பீட மாணவர் ஒருவர் மென்பொருளைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நிரலும் ஒரு நூலே என்பதனையும், அதனைப் பிழையறப் படித்தல் ஒரு வாசிப்புப் பிரச்சினையே என்பதனையும் ஏற்றுக்கொள்வோமாயின் இவ்வியப்பு நீங்கும். நிரலைக் குழுவாகப் படித்துக் குற்றங் காணும் முறையினை இக்கட்டுரையிற் ‘கூட்டாய்வு’ எனச் சுட்டுவோம். அம்முறை எவ்வாறு திருந்தியது, இன்னும் எங்கே திருந்த வேண்டியுள்ளது என்பவற்றை நமது மரபுச் சான்றுகள் சிலவற்றோடு ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஃபேகன் வகுத்த முறை

ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் ஃபேகன் 1976 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையே கூட்டாய்வினை ஒரு முறைமையாக நிலைநிறுத்தியது. நால்வர் கொண்ட குழுவே அதற்கு ஏற்றது என்றார் அவர். நெறியாளர், வடிவமைத்தவர், நிரலாக்கியவர், சோதிப்பவர் என அந்நால்வருக்கும் தனித்தனிப் பொறுப்புகள் உண்டு. முதலில் ஆக்கம் பற்றிய பொது விளக்கம், பின்னர் தனித்தனி ஆயத்தம், அடுத்து இரண்டு மணி நேரத்துக்கு மேற்படாத கூட்டம், அதன்பின் திருத்தம், ஈற்றில் திருத்தம் நடந்ததா என்ற சரிபார்ப்பு என அவர் படிகளை வகுத்தார். கூட்டத்திற் குற்றத்தைக் கண்டு குறித்தல் மட்டுமே செய்யப்படும். அதற்குப் பரிகாரம் தேடும் விவாதத்துக்கு அங்கு இடமில்லை.

இம்முறையில் இரண்டு நுட்பங்கள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, ஒருவர் நிரலைத் தம் சொற்களிற் பொருள்விரித்துச் சொல்லிச் செல்ல, ஏனையோர் கேட்டுச் செல்வர். எழுத்தெண்ணிப் படிப்பதை விடப் பொருள் சொல்லிப் படிக்கும்போதே இடறும் இடம் தெரியவரும் என்பது உரையாசிரியர் மரபில் வந்த நமக்குப் புதிதன்று. இரண்டாவது, இவ்வாறு கண்ட குற்றங்களின் கணக்கு நிரலாக்கியவரின் திறமையை எடைபோடப் பயன்படலாகாது என்றமை. ஜெரால்ட் வைன்பெர்க் என்பார் 1971 ஆம் ஆண்டிலேயே, நிரலைத் தன்மானத்தோடு பிணைத்துக்கொள்பவர் அதன் பிழையைக் காண மறுப்பார் என வலியுறுத்தியிருந்தார். குற்றம் நூலுக்குரியது, ஆக்கியோனுக்குரியதன்று என்ற இந்த வேறுபாடே கூட்டாய்வின் அறநெறி எனலாம்.

எனினும் ஃபேகனின் முறையில் ஓர் எடுகோள் ஆராயப்படாமலே தங்கிவிட்டது. தனித்தனி ஆயத்தம் நூலை விளங்கிக்கொள்வதற்கே. குற்றம் வெளிப்படுவது கூட்டத்திலேயே என்பது அது. இவ்வெடுகோள் எத்துணை உண்மையானது?

2. அலுவிகாரை தரும் பாடம்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் அலுவிகாரையைக் கடந்த பின்னரே எனது ஊரான பலாபத்வல வருகின்றது. பேருந்தில் அவ்வழியாகச் செல்லும் நாம் அவ்விகாரையை ஒரு சுற்றுலாத் தலமாகவே காணப் பழகிவிட்டோம். உண்மையிற் கூட்டு வாசிப்பின் வரலாற்றில் அதற்குத் தனியிடம் உண்டு. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமினி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக வழங்கிவந்த பாளித் திரிபிடகமும் அதன் உரைகளும் ஏட்டிலேற்றப்பட்டன. மகாவம்சம் இந்நிகழ்ச்சியைக் கூறுகின்றதேயன்றி இடத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. பிற்கால மரபே அலுவிகாரையைச் சுட்டுகின்றது. ஐந்நூறு பிக்குகள் கூடினர் என்பதும் மரபுச் செய்தியே. தென்னிந்தியத் தமிழர் ஐவர் அநுராதபுரத்தை அடுத்தடுத்து ஆண்ட போரும், அக்காலத்துப் பெரும் பஞ்சமும் இம்முயற்சிக்குப் பின்னணியாயின என்பதையும் தமிழ் மாணவராகிய நாம் மறைக்க வேண்டியதில்லை.

வாய்மொழி மரபிற் பாணகர் எனப்படும் ஓதுவோர் இருந்தனர். தீக நிகாயத்தை ஓதுவோர், மச்சிம நிகாயத்தை ஓதுவோர் என ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் குழுவினர் பொறுப்பாயினர். பலர் ஒருமித்து ஓதுங்கால் ஒருவர் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் அக்கணமே அது செவியில் இடறும். பிழை காண்பதற்கு இதைவிட எளிய கருவி இல்லை. இதன் மறுதலையும் அம்மரபிலேயே பதிவாகியுள்ளது. பஞ்சத்தின் பின்னர் மகாநித்தேசம் என்னும் நூலை அறிந்தவர் ஒரே ஒரு பிக்குவே எஞ்சினார் என்றும், அவர் நல்லொழுக்கத்தினர் அல்லராயினும் ஏனையோர் அவரிடம் சென்று அதனைக் கற்க நேர்ந்தது என்றும் வினய உரை கூறும். ஒருவர் மட்டுமே அறிந்த நூலில் பிழை புகுந்தால் அதனைக் கண்டுகொள்ள உலகில் எவரும் இல்லை.

ஆயினும் அலுவிகாரை முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஒருமித்து ஓதுதல் மூலத்திலிருந்து விலகிய பிழையையே காட்டும். மூலத்திலேயே உள்ள பிழையைக் காட்டாது. ஐந்நூறு பேரும் ஒரே பாடத்தையே கற்றிருப்பின், ஐந்நூறு பேரும் ஒரே இடத்தில் ஒருமித்துத் தவறுவர். நிரலிலோ மூலம் என ஒன்று முன்னரே இல்லை. எனவே எண்ணிக்கை மட்டும் போதாது. வேறுபட்ட கண்கள் வேண்டும்.

3. வெற்றியும் தொகையும்

கண்கள் வேறுபட்டாற் போதுமா என்ற வினாவுக்கு இறையனார் களவியலுரை கூறும் கதை விடையிறுக்கின்றது. அறுபது சூத்திரங்களுக்கு நாற்பத்தொன்பது புலவரும் தனித்தனியே உரை கண்டனர். எவர் உரை மெய்யுரை என்ற பிணக்குத் தோன்றியபோது, உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவன் முன் அவ்வுரைகள் வாசிக்கப்பட்டன. மருதனிளநாகனார் உரைக்குச் சிற்சில இடங்களிலும், நக்கீரர் உரைக்குச் சொல்தோறும் அவன் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான் என்பது கதை.

கூட்டாய்வு நோக்கில் இக்கதையின் முற்பகுதி போற்றத்தக்கது. தனித்தனியே உழைத்தமையும், எப்பக்கமும் சாராத புறத்தார் ஒருவரை நடுவராகக் கொண்டமையும் சிறந்த ஏற்பாடுகளே. பிற்பகுதியோ விமர்சனத்துக்குரியது. ஓர் உரை வென்றது. ஏனைய நாற்பத்தெட்டும் தோற்றன. தோற்ற உரை ஒன்றில் வென்ற உரையாசிரியர் காணாத நுட்பம் ஏதேனும் இருந்திருக்குமே, அது எங்கே போயிற்று என்ற வினா எழுப்பப்படவில்லை. தருமி கதையில் இப்போக்கு இன்னும் முற்றிவிடுகின்றது. அங்கே குற்றங் காணுதல் இருவரின் கௌரவப் போராகி, குற்றம் கண்டவரே எரிக்கப்படுகின்றார். நாம் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடிவரும் விமர்சகன் இந்த நக்கீரனே: தனித்தவன், அஞ்சாதவன், எதிரியை மடக்குபவன். அவனது அஞ்சாமை நமக்கு வேண்டும். அவனது தனிமை நமக்கு வேண்டியதில்லை. அதே சங்க மரபு நமக்கு விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் வெற்றி பெற்ற தனிப்பாட்டொன்று அன்று, தொகை நூல்கள் என்பதை மறந்துவிடுகின்றோம். கூட்டாய்வுக்கும் வேண்டுவது வெற்றியன்று, தொகையே.

4. அளந்து கண்டவை

லோரன்ஸ் வொட்டா என்பவர் 1993 ஆம் ஆண்டில், ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு கூட்டம் வேண்டுமா என்ற வினாவையே கட்டுரைத் தலைப்பாக்கினார். கூட்டத்திற் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் குற்றங்கள் மிகச் சிலவே என்பது அவரது முடிவு. 1995 ஆம் ஆண்டில் அடம் போர்ட்டர், வொட்டா, விக்டர் பசிலி ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு மேலும் ஆழமானது. மேரிலண்ட் பல்கலைக்கழகத்துப் பட்டமேற்படிப்பு மாணவரை மும்மூவராகப் பிரித்து, மூன்று வழிகளில் ஒரே வகை ஆவணங்களைப் படிக்கச் செய்தனர். ஒரு சாரார் தமக்குத் தோன்றியவாறு படித்தனர். இன்னொரு சாரார் குற்றப்பட்டியல் ஒன்றைக் கையிற் கொண்டு படித்தனர். மூன்றாம் சாராருக்கு மட்டும் ஒவ்வொருவரும் எவ்வகைக் குற்றத்தை, எவ்வழியிற் சென்று தேட வேண்டும் என்ற தனித்தனி வழிகாட்டல் தரப்பட்டது.

முடிவுகள் நான்கு. தனி வழிகாட்டலோடு படித்தோர் ஏனையோரை விட ஏறத்தாழ 35 வீதம் கூடுதலான விகிதத்திற் குற்றங்களைக் கண்டனர். தமக்கெனக் குறிக்கப்படாத குற்றங்களைக் காண்பதிலும் அவர்கள் பின்தங்கவில்லை. பட்டியலோடு படித்தோர், தோன்றியவாறு படித்தோரை விடச் சிறப்பாக எதனையும் செய்துவிடவில்லை. பின்னர் நடந்த கூட்டங்களால் நிகர இலாபம் எதுவும் கிட்டவில்லை. கூட்டத்திற் புதிதாகக் கிடைத்தவை, கூட்டத்தில் இழந்தவற்றோடு சமனாகிவிட்டன.

பட்டியல் பற்றிய முடிவு நமக்குச் சிறிது கசப்பானது. பவணந்தியார் நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை வகுத்தார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல் முதலான அவ்வகைகள் இன்றைய மென்பொருள் ஆவணத்துக்கும் அப்படியே பொருந்துவன. ஆயினும் குற்றத்தின் பெயரை அறிதல் ஒன்று, அக்குற்றம் கண்ணிற் படும் இடத்திற் சென்று நிற்றல் மற்றொன்று. மாறுகொளக் கூறலைக் காண வேண்டுமாயின், ஒரே பொருளைப் பற்றிய இரு கூற்றுகளையும் அருகருகே வைத்துப் படிக்குமாறு ஒருவருக்குப் பணிக்க வேண்டும். பட்டியல் அதனைச் செய்வதில்லை. எல்லோர் கையிலும் ஒரே பட்டியலைக் கொடுக்கும்போது எல்லோரையும் ஒரே இடத்தில் நிறுத்திவிடுகின்றோம்.

கூட்டத்தில் ‘இழந்தவை’ என்பதற்கும் விளக்கம் வேண்டும். தனியே படிக்கும்போது ஒருவர் கண்டுவைத்த குற்றம், கூட்டத்தின் முடிவில் எழுதப்பட்ட பட்டியலில் இடம்பெறாது போவதே இவ்விழப்பு. இதனை அறிய எனக்கு மேரிலண்ட் செல்ல வேண்டியிருக்கவில்லை. பள்ளி நாட்களில் ஓர் ஆண்டு மலருக்கு அச்சுப்படி பார்க்கும் ஐவரில் ஒருவராக இருந்தேன். ஐவரிலும் இளையவர் நானே. பரிசுபெற்றோர் வரிசையில் தோட்டத்து மாணவியொருத்தியின் பெயரில் முதலெழுத்து மாறியிருந்ததை முதல்நாள் இரவே கண்டு பென்சிலாற் குறித்திருந்தேன். மறுநாள் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் அந்தப் பக்கம் பார்த்தாயிற்று என்றார். நான் பக்கத்தைப் புரட்டினேன். அப்பெயர் அப்படியே அச்சேறியது. குற்றம் காணப்படாமலில்லை, காணப்பட்ட பின் இழக்கப்பட்டது. வயதும் பதவியும் பேச்சை வரையறுக்கும் நமது சமூகத்தில் இவ்வகை இழப்பு ஏனைய இடங்களை விடக் குறைவாயிருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. நமது விரிவுரை மண்டபங்களும் கருத்தரங்குகளும் இதற்கு விலக்கல்ல.

5. சமணர் கண்

பசிலியும் அவர்தம் குழுவினரும் 1996 ஆம் ஆண்டில் நோக்குநிலை வாசிப்பு என்னும் முறையினை முன்வைத்தனர். ஒருவர் வடிவமைப்பவராக, ஒருவர் சோதிப்பவராக, ஒருவர் பயன்படுத்துபவராக நின்று அதே ஆவணத்தைப் படிப்பது அம்முறை. வெறுமனே அவ்வாறு எண்ணிக்கொண்டு படித்தாற் போதாது. சோதிப்பவர் சோதனைகளை எழுதிப் பார்க்க வேண்டும். பயன்படுத்துபவர் பயன்பாட்டைப் படிப்படியாக வரைந்து பார்க்க வேண்டும். அந்த வேலையின்போதே குற்றம் தானாக இடறும்.

இதற்கு நமது பதிப்பு வரலாறு தரும் சான்று ஒப்பற்றது. 1880 ஆம் ஆண்டிற் சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலாற் சீவக சிந்தாமணியைப் பயிலத் தொடங்கிய உ. வே. சாமிநாதையர், தமிழ்ப் புலமையால் மட்டும் தீராத ஐயங்கள் பலவற்றை எதிர்கொண்டார். கும்பகோணத்திலிருந்த சமணர்களிடம் சென்று அவர் தெளிவு பெற்றதை ‘என் சரித்திரம்’ விரிவாகக் கூறுகின்றது. பண்டிதர் கண்ணுக்கு இருளாயிருந்த இடங்கள், அந்நூலைத் தம் சமய நூலாக வீட்டில் வைத்துப் பயின்றோருக்கு வெளிச்சமாயிருந்தன. 1887 ஆம் ஆண்டிற் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்ததன் பின்னணியில் இந்தப் ‘பயன்படுத்துபவர்’ நோக்கு உள்ளது. ஐயர் மேலும் பத்துப் பண்டிதரைக் கூட்டியிருந்தாலும் இத்தெளிவு கிட்டியிராது. குழுவிற் சேர்க்க வேண்டியவர் இன்னொரு பண்டிதர் அல்லர், இன்னோர் உலகத்தவர் என்பதே இதன் பொருள்.

6. குழுவில் இல்லாதவர்

இதனை மறந்ததன் விலையை 1996 ஜூன் 4 ஆம் திகதி உலகம் கண்டது. அன்று முதன்முறையாக ஏவப்பட்ட ஏரியன் 5 ஏவுகணை ஏறத்தாழ 40 விநாடிகளிற் சிதறியது. முந்திய ஏரியன் 4 இலிருந்து பெற்ற நிரற் பகுதியொன்று, 64 பிற்று எண்ணொன்றை 16 பிற்று இடத்துள் அடக்க முயன்றது. எண் பெரிது, இடம் சிறிது. இங்குக் கூட்டாய்வு நடைபெறாமலில்லை. அவ்விடத்துக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்ற முடிவு பல மட்டங்களிற் கூட்டாகவே எடுக்கப்பட்டதென விசாரணைக் குழுவின் அறிக்கை கூறுகின்றது. பலரும் ஏரியன் 4 இன் உலகத்திலேயே நின்று படித்தனர். திட்டத்துக்குப் புறத்தேயுள்ளோரையும் ஆய்விற் சேர்க்க வேண்டும் என்றும், சரிபார்ப்பு நடந்ததா என்று பார்த்தலோடமையாது வாதத்தின் உட்பொருளையே ஆராய வேண்டும் என்றும் அவ்வறிக்கை விதந்துரைத்தது.

இன்று நிரலின் ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் உடன் பணியாளர் ஒருவரோ இருவரோ தத்தம் இடத்திலிருந்தே பார்த்து ஒப்புதல் அளிக்கும் முறை பெருவழக்காகியுள்ளது. கூட்டத்தின் சுமை குறைந்தது நன்மையே. ஆயின் ஒரே தொழிலினர், ஒரே நோக்கினர் என்ற குறை அதனால் நீங்கிவிடவில்லை. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மறையீட்டு நிரலில் 2012 ஆம் ஆண்டில் வெளியாகி 2014 ஏப்பிரல் வரை தங்கியிருந்த ஹார்ட்பிளீட் பிழை, எழுதியவரையும் பார்வையிட்ட ஒருவரையும் கடந்தே வெளிச்சென்றது. வேண்டுபவர் கூறும் நீளத்தை அளந்து பாராது நம்பிவிட்டமையே அப்பிழை. உலகம் முழுவதும் திறந்து வைக்கப்பட்டிருந்த நிரல் அது. பார்க்கக்கூடியவர் பலர் என்பது பார்த்தவர் பலர் என்பதாகாது.

இனி நம்மவர் நிலைக்கு வருவோம். ‘தமிழ்’ என்ற சொல்லில் எழுத்து மூன்று என்பது பாலர் வகுப்பு மாணவரும் அறிந்தது. யுனிகோட் முறையில் அதே சொல் ஐந்து குறியீடுகளாகவும், சேமிக்கும்போது பெரும்பாலும் பதினைந்து பைட்டுகளாகவும் அமைகின்றது. பெயருக்கு முப்பது பைட்டு போதும் என ஆங்கில எழுத்தை மனத்திற் கொண்டு ஒருவர் முடிவு செய்வாராயின், நமது நீண்ட பெயர்கள் நடுவே அறுபடும். ஏரியனை வீழ்த்திய அதே குற்றம்: பொருள் பெரிது, இடம் சிறிது. ‘ஸ்ரீ’ என்ற எழுத்தினை ஸகரத்தைக் கொண்டும், 2005 ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் இரு வகையாக உள்ளிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. ஸ்ரீதரன் என்பவர் தமது பெயரைத் தேடினால், பதிவேட்டில் இருந்தும் இல்லாதவராவார். குடும்பப் பெயர் என்ற வழக்கே இல்லாத நம்மிடம் அதனைக் கட்டாயமாகக் கேட்கும் படிவமும் இவ்வகையினதே. இக்குற்றங்களைக் காண்பதற்கு மேதைமை வேண்டியதில்லை. தமிழறிந்த ஒருவர் பயன்படுத்துபவராக நின்று ஒருமுறை படித்தாற் போதும். அவர் குழுவில் இல்லாவிடின், எத்துணைத் திறமையான குழுவும் இவற்றைக் காணாது.

மலையகத்தவர்க்கு இது ஏட்டுச் செய்தியன்று. எனது தந்தையாரின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், விவாகப் பத்திரத்தில் வேறொரு விதமாகவும் உள்ளது. எல்லாம் கையால் எழுதிய காலத்துப் பிழைகள். மூன்றும் ஒருவரே என நிரூபிக்க அவர் வேலைநாட்கள் பலவற்றை இழந்தார். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. சட்டம் எழுதப்பட்டதே தவிர, படிவத்தைத் தமிழ்க் கண்ணாற் படிப்பவர் ஒவ்வொரு மேசையிலும் அமர்த்தப்படவில்லை. கையெழுத்துப் பிழை ஒரு மனிதரை அலைக்கழித்தது. கணினியிற் புகும் பிழையோ ஒரே பொழுதில் ஆயிரவரை அலைக்கழிக்க வல்லது.

7. முடிபு

மேற்கூறியவற்றிலிருந்து கூட்டாய்வு திருந்தவேண்டிய வழி தெளிவாகும். தேடுதல் தனிமையில் நடைபெறுக. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நோக்குநிலையும், அந்நோக்கிற் செய்துபார்க்க வேண்டிய வேலையும் வகுக்கப்படுக. கண்டவை கூட்டத்துக்கு முன்னரே எழுத்திற் கையளிக்கப்படுக. அப்போது இளையவரின் பென்சிற் குறிப்பு மூத்தவரின் ஒரு சொல்லால் அழிந்துபோகாது. கூட்டம் வெற்றி தோல்வியைத் தீர்க்காது, தொகுக்கவும் ஐயங்களைத் தீர்க்கவும் மட்டும் கூடுக. எல்லாவற்றுக்கும் முன்பாக, இந்நூலாற் பாதிக்கப்படுவோருள் எவர் இக்குழுவில் இல்லை என்ற வினாவை நெறியாளர் எழுப்புக.

இவ்வினாவுக்கு விடையாக நிற்க வேண்டியவருள் மொழி பயிலும் நாமும் அடங்குவோம். சொல்லின் எல்லையையும் எழுத்தின் இயல்பையும் பெயர்களின் வழக்கையும் நாம் தேர்வுக்காக மட்டும் கற்கவில்லை. பொறியியற் பீடத்தினர் நம்மை அழைக்கும்வரை காத்திராது, நமது மொழியிற் புழங்கும் படிவங்களையும் மென்பொருள்களையும் நாமே கையிலெடுத்துப் படித்துக் குற்றங்களைத் தொகுத்துக் கொடுக்கலாம். நிரல்களை இயந்திரங்களே எழுதித் தரத் தொடங்கியுள்ள இக்காலத்தில் எழுதுவோருக்குப் பஞ்சமில்லை. நின்று படிப்போருக்கே பஞ்சம். அலுவிகாரையில் அன்று கூடியோர் தம் நூல் அழிந்துவிடும் என்ற அச்சத்தாற் கூடினர். நமது பெயர்கள் பிழையாகவே நிலைத்துவிடும் என்ற அச்சம் நம்மைக் கூட்டுமாயின், அன்று புரட்டிய அந்தப் பக்கத்தை மீண்டும் திறக்க நான் ஆயத்தமாயுள்ளேன்.